கேமிங் பிசியில் கிராபிக்ஸ் டிரைவர் திரும்பத் திரும்பக் கிராஷ் ஆகிறதா? எந்த வரிசையில் தேடுவது: முழுமையான வழிகாட்டி

கேம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று திரை கறுக்கும், ஓரிரு விநாடியில் திரும்பி வரும், கேமை மட்டும் காணோம். எப்போதோ ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். வாரத்துக்கு நாலு தடவை வந்தால் மேலே படியுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் என் வீட்டு மெஷினோடு இதே தொல்லைக்காக இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். ஏழு தடவை டிரைவரை (கிராபிக்ஸ் கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) அழித்துப் போட்டேன், இரண்டு தடவை விண்டோஸையே புதிதாக ஏற்றினேன், கடைசியில் பார்த்தால் கோளாறு ரேமில். அதற்கப்புறம் குளச்சல், முட்டம், மார்த்தாண்டம் பக்கம் தெரிந்த பையன்கள் ஏழெட்டுப் பேரின் மெஷினைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் நான் செய்த தப்பையே செய்கிறார்கள். திரையில் 'டிரைவர்' என்ற வார்த்தை வந்ததும் டிரைவரையே போட்டு உலுக்குகிறார்கள். குலசேகரம் பஸ் பாதி வழியில் நின்றால் டிரைவரை இறக்கியா அடிப்போம்? டயரா டீசலா என்று குனிந்து பார்ப்போம்.

அதனால் இங்கே டிரைவர் ஏழாவதாகத்தான் வரும். ஒரே விதிவிலக்கு: நேற்று டிரைவர் அப்டேட் ஆனது, இன்று கிராஷ் தொடங்கியது, நடுவில் வேறு எதையும் தொடவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் நேராக 7-க்குப் போங்கள்.

1. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம். சிரிக்க வேண்டாம், இதில் அதிகம் உதவியது அதுதான். ஒவ்வொரு கிராஷுக்கும் தேதி, மணி, எந்த கேம், ஆரம்பித்து எத்தனை நிமிடத்தில், அப்போது வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். மூன்றை ஒன்றாக மாற்றி கிராஷ் நின்றுபோனால் எதனால் நின்றது என்று தெரியாது, அடுத்த மாதம் திரும்ப வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்புறம் ஒரு நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், பயன்படுத்தாத பெயின்ட் பிரஷ், 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் (எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐபிஏ என்று கேளுங்கள்), ஒரு 8 ஜிபி பென்டிரைவ். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் தண்ணீர் கலந்திருக்கும்.

விண்டோஸ் பின் நம்பரை மட்டும் நம்பியிருப்பவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழு பாஸ்வேர்டை நினைவுபடுத்தி வைத்துக்கொள்ளுங்கள், சேஃப் மோடில் (அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும் நிலை, 7-இல் வரும்) சில நேரம் பின் எடுக்காது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிவையுங்கள். பயாஸை (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டு செட்டிங்) தொட்ட பிறகு அதைக் கேட்டு நிற்கும், கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் போச்சு.

2. எந்த வகைக் கிராஷ் என்று பிரியுங்கள்

நாலு வகை உண்டு, நாலும் ஒன்றல்ல. திரை கறுத்துத் திரும்பி வருவது ஒன்று. கறுக்காமல் கேம் மட்டும் மூடிக்கொள்வது இரண்டு. நீலத் திரை மூன்று. மொத்த மெஷினும் சட்டென்று அணைவது அல்லது ரீஸ்டார்ட் ஆவது நாலு.

நாலாவது வகைக்கு டிரைவரைக் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை. டிரைவர் கெட்டால் விண்டோஸ் புலம்பிவிட்டுத்தான் விழும். சொல்லாமல் கொள்ளாமல் மெஷின் அணைந்தால் பெரும்பாலும் கரண்ட் அல்லது எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை), நேராக 5-க்குப் போகலாம். இரண்டாவது வகை ஒரே ஒரு கேமில் மட்டும் வந்தால் கேம் லாஞ்சரில் அந்த கேமின் ஃபைல்களை வெரிஃபை செய்து பாருங்கள், பாதிப் பேருக்கு அதோடு முடிந்துவிடும்.

திரை கறுத்து நின்றுவிட்டால் உடனே பவர் பட்டனை அமுக்காதீர்கள். விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நாலையும் சேர்த்து ஒரு தடவை அழுத்துங்கள். கிராபிக்ஸ் மட்டும் ரீசெட் ஆகும். திரை திரும்பி வந்தால் அடியில் விண்டோஸ் உயிரோடுதான் இருந்திருக்கிறது என்று தெரியும். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

3. விண்டோஸ் எழுதி வைத்ததைப் படியுங்கள்

ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். தேதிவாரியாகச் சிவப்புப் பெருக்கல் குறிகள் இருக்கும். நோட்டில் எழுதிய நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'லைவ் கெர்னல் ஈவன்ட் 141' அல்லது 117 என்று இருந்தால் கார்டு பதில் சொல்லாமல் தொங்கியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து ஈவன்ட் வியூவர், அதில் விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். பார்க்க வேண்டியவை மூன்றே. 'டிஸ்ப்ளே 4101' என்றால் டிரைவர் பதில் தராமல் போய், விண்டோஸ் அதை மீட்டிருக்கிறது. 'கெர்னல் பவர் 41' என்றால் மெஷின் முறைப்படி அணையவில்லை என்று மட்டும்தான் பொருள், ஏன் என்று அது சொல்லாது. 'வீயா லாகர்' (WHEA-Logger) என்று ஏதாவது இருந்தால் வன்பொருள் பக்கமே ஏதோ தகராறு, அதைப் பார்த்துவிட்டு டிரைவர் பின்னால் ஓடாதீர்கள்.

இந்த 4101 எப்படி வருகிறது என்பது தெரிந்தால் மீதி எல்லாம் புரியும். விண்டோஸ் கார்டுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு 2 விநாடி காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் கார்டு தொங்கிவிட்டது என்று முடிவு கட்டி, டிரைவரை ரீசெட் செய்துவிட்டு, டிரைவர் பெயரையே லாகில் எழுதிவைக்கும். பதில் வராததற்குக் காரணம் சூடாக இருக்கலாம், கரண்டாக இருக்கலாம், ரேமாக இருக்கலாம். பெயர் மட்டும் டிரைவருடையது.

அந்த 2 விநாடியை ரெஜிஸ்ட்ரியில் 8, 10 என்று கூட்டிவைக்கும் வித்தையை யாராவது சொல்லியிருப்பார்கள். பிளெண்டர் மாதிரி மென்பொருளில் நீண்ட ரெண்டரிங் செய்பவர்களுக்கு அது உதவும். கேமில் திரை 2 விநாடி கறுத்திருந்தது 10 விநாடி கறுத்திருக்கும், வேறு பலன் கிடையாது.

4. எல்லாவற்றையும் கம்பெனி நிலைக்குத் திருப்புங்கள்

காசு செலவில்லை, பத்து நிமிட வேலை. ஆஃப்டர்பர்னரில் (கார்டின் வேகம், வோல்டேஜை மாற்றும் மென்பொருள்) ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டுவது), அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைப்பது) எது இருந்தாலும் ரீசெட். 'என் அண்டர்வோல்ட் ஒரு வருஷமா நல்லாத்தான் இருக்குண்ணே' என்பார்கள். கார்டு வயதாக வயதாக அதே வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் கேட்கும், புது கேம் பழைய கேமை விட அதிகம் பிழியும். போன வருஷம் நின்றது இந்த வருஷம் நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பயாஸில் ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள். ரேம் வேகம் குறையும், கேமில் சில ஃப்ரேம் குறையும், சோதனை முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டு மெஷினில் குற்றவாளி இதுதான், எனக்கு இந்தப் படிக்கு வர இரண்டு மாதமாயிற்று.

கார்டை ரைசர் கேபிளில் (ஸ்லாட்டிலிருந்து நீட்டித் தரும் கேபிள்) நிற்க வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றி நேராக ஸ்லாட்டில் செருகுங்கள், முடியாவிட்டால் பயாஸில் பிசிஐஇ (அந்த ஸ்லாட்டின்) வேகத்தை ஜென் 3-க்கு இறக்குங்கள். ஓவர்லே, ரெக்கார்டிங், ஆர்ஜிபி மென்பொருள்களையும் அணைத்துவையுங்கள்.

இப்போது விளையாடிப் பாருங்கள். எத்தனை நாள்? கிராஷ் மூன்று நாளைக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தால் ஒன்பது பத்து நாள் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. ஒரு ராத்திரி வரவில்லை என்று வெடி போடாதீர்கள்.

5. கரண்ட்: சுவரிலிருந்து கார்டு வரை

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு பையனுக்குத் தினமும் சாயங்காலம் ஆறு மணிவாக்கில் மட்டும் மெஷின் அணைந்தது. டிரைவர், விண்டோஸ், கேம் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. நோட்டில் எழுதச் சொன்னேன். நாலாவது நாளே போன் வந்தது: 'அண்ணே, அம்மா டேங்குக்கு மோட்டார் போடுற நேரம்ணே.' கிணற்று மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வீட்டு வோல்டேஜ் ஒரு கணம் குழியும், அவனுடைய 600 விஏ யூபிஎஸ் 'டக்' என்று பேட்டரிக்குத் தாவும், அந்த நேரம் கேம் ஓடிக்கொண்டிருந்தால் சுமை தாங்காமல் அணைந்துவிடும். 600 விஏ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பெரும்பாலும் அது 360 வாட்ஸ்தான். கேமிங் பிசி, மானிட்டர், ஸ்பீக்கர் மூன்றையும் அதன் தலையில் ஏற்றினால் அது என்ன செய்யும்?

எனவே முதல் சோதனை: யூபிஎஸ், ஸ்டெபிலைசர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் தாண்டி, மெஷினை நேராகச் சுவர் பிளக்கில் செருகி இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். மழையும் இடியும் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, அதனால் வானத்தைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். கிராஷ் நின்றால் கோளாறு நடுவில் இருந்த பெட்டியில்.

வீட்டு இன்வெர்ட்டரில் கேம் ஆடுகிறவர்கள் அது சைன் வேவ் தானா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் போதும், இப்போதைய எஸ்எம்பிஎஸ்கள் பலவற்றில் இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சர்க்யூட்டுக்கு அது ஒத்துவராது.

கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதா? பழைய வீடுகளில் சகஜம். எர்த் இல்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கிற ஃபில்டர் கப்பாசிட்டர்கள், எர்த் கிடைக்காதபோது கேபினெட்டில் ஏறத்தாழப் பாதி மெயின் வோல்டேஜைக் கொண்டுவந்து நிறுத்தும், கரண்ட் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது, ஆனால் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது போர்ட்டைக் கொல்லலாம். இதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று அவரிடம் மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகியிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அது வேண்டாம்.

இனி கேபினெட்டின் உள்ளே. பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கார்டுக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். ஸ்லாட்டிலிருந்து கார்டுக்கு 75 வாட்ஸ் வரை கிடைக்கும், 6 பின் கனெக்டர் இன்னொரு 75, 8 பின் என்றால் 150. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் வர வேண்டும், ஒரே கேபிளின் வாலில் தொங்கும் இரண்டாவது கனெக்டரைச் செருகி ஒப்பேற்றாதீர்கள். புது 16 பின் (12+4) கனெக்டர் என்றால் இடைவெளி தெரியாத அளவுக்கு முழுசாக உள்ளே போயிருக்க வேண்டும். அரைகுறையாக நின்றால் கிராஷ் என்ன, உருகியே போகும். பழைய டிஸ்க்குகளுக்கான நாலு பின் மோலெக்ஸிலிருந்து மாற்றும் அடாப்டர் இருந்தால் இன்றே கழற்றுங்கள்.

எஸ்எம்பிஎஸ் போதுமா என்ற கேள்விக்குக் கார்டின் வாட்ஸை மட்டும் கூட்டிப் பார்த்தால் போதாது. ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 170 வாட்ஸ், ஆர்எக்ஸ் 580 என்றால் 185. அது சராசரிக் கணக்கு. கண்ணிமைக்கும் நேரத்தில் கார்டு அதை விட மிக அதிகமாக இழுத்துவிட்டு அடங்கும். 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம், எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்க வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் அந்த ஒரு இழுப்பில் தலைகுனிந்துவிடும்.

புதிது வாங்கும் முன் ஒரு இலவசச் சோதனை. ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, கேமில் ஃப்ரேமை 60-க்குக் கட்டிவையுங்கள். கிராஷ் நின்றுவிட்டால் கரண்ட் அல்லது சூடு. அப்படியும் அதே மாதிரி வந்தால் எஸ்எம்பிஎஸ் மீதான சந்தேகம் பெருமளவு குறையும். இதைச் செய்யாமல் ஆறாயிரம் ஏழாயிரம் கொடுத்துப் புது எஸ்எம்பிஎஸ் வாங்கியவர்கள் உண்டு.

6. சூடு, தூசி, உப்புக்காற்று

சூட்டைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளை சென்சார் மட்டும் என்ற நிலையில் திறந்து, அரை மணி நேரம் விளையாடிவிட்டு 'மேக்ஸிமம்' பத்தியைப் பாருங்கள். சாதாரண டெம்பரேச்சரை மட்டும் பார்த்து 'எழுபத்தஞ்சுதான்' என்று திருப்திப்படாதீர்கள், பெரும்பாலான கார்டுகளில் அதன் கீழே ஹாட் ஸ்பாட் (சிப்பிலேயே அதிகம் சுடும் இடம்) என்று ஒன்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் 10, 15 டிகிரி வித்தியாசம் இயல்பு. 30-ஐத் தொட்டால் தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் தடவுவது) காய்ந்துவிட்டது அல்லது கூலர் சரியாக உட்காரவில்லை.

அடுத்து சுத்தம். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றோடு வரும் புழுதி ஒரு வகை, அதை பிரஷ்ஷால் தட்டி ப்ளோயரால் ஊதினால் போய்விடும். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கண்டபடி சுற்றி பேரிங் கெடும். முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. உப்புப் படிந்த தூசி. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரமான உப்பு கரண்டைக் கடத்தும், காலப்போக்கில் உலோகத்தை அரிக்கும். ஊதினால் போகாது, துடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பிளக்கை உருவி, கார்டின் லாக்கை விடுவித்து, கழற்றுங்கள். ஸ்லாட்டுக்குள் போகும் தங்க நிறப் பற்களில் கறுப்போ பச்சையோ தெரிந்தால் மிருதுவான வெள்ளை ரப்பரால் மெதுவாக ஒன்றிரண்டு தடவை தேய்த்துவிட்டு, ஐபிஏ நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ரேமுக்கும் அதே வைத்தியம். அழுத்தித் தேய்த்தால் தங்கப்பூச்சே போய்விடும், பாத்திரம் விளக்குகிற வேலை அல்ல இது.

திரும்பச் செருகும்போது லாக் 'கிளிக்' என்று விழ வேண்டும். கனமான கார்டு என்றால் மறுமுனை தொங்காமல் அடியில் முட்டுக் கொடுங்கள். பாதிப் பேர் மெஷினில் இந்தக் கழற்றிச் செருகுவதிலேயே கோளாறு தீர்ந்திருக்கிறது. கடலோர வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்வது நல்லது. அப்புறம் ஜன்னலுக்கு நேரே கேபினெட்டை வைக்காதீர்கள், தரையிலும் வேண்டாம், வாரியலால் பெருக்குகிற தூசி முழுக்க அதற்குள்தான் போகும்.

7. இப்போது டிரைவர்

வரிசை மாறினால் பலன் இல்லை, எனவே பொறுமையாக.

முதலில் இரண்டு டிரைவரை இறக்கி வையுங்கள், ஒன்று புதியது, இன்னொன்று இரண்டு மூன்று மாதம் பழையது. கார்டின் பெயரைச் சரியாகப் பார்த்து, என்விடியா அல்லது ஏஎம்டி தளத்திலிருந்தே எடுங்கள். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசை வைத்திருப்பவர்கள் 580 வரிசை டிரைவரைத் தேட வேண்டும், அந்தக் கார்டுகளுக்குக் கேம்களுக்கான புது டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. 1650-க்கு அந்தக் கவலை இல்லை, அது அடுத்த தலைமுறை.

அடுத்து டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சுருக்கமாக டிடியூ. இறக்கி, விரித்து, டெஸ்க்டாப்பில் வையுங்கள்.

மூன்றாவது, இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். லான் கேபிளை உருவுங்கள், வைஃபையை அணையுங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். டிடியூ அழித்து முடித்ததும் விண்டோஸ் அப்டேட் 'டிரைவரைக் காணோமே' என்று தானாக ஒன்றை இறக்கி ஏற்றத் தொடங்கிவிடும், அதே நேரம் நீங்கள் ஒன்றை ஏற்றுவீர்கள், இரண்டும் முட்டிக்கொள்ளும்.

நாலாவது, ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட். வரும் நீலத்திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. இதுதான் சேஃப் மோட். டிடியூவைத் திறந்து, ஜிபியு என்றும் உங்கள் கார்டின் பிராண்டையும் தேர்ந்தெடுத்து, 'க்ளீன் அண்ட் ரீஸ்டார்ட்'.

திரும்பி வரும்போது திரை பெரிசு பெரிசாக, மங்கலாக இருக்கும். பயப்பட வேண்டாம், டிரைவர் இல்லாத திரை அப்படித்தான். நெட்டை இன்னும் போடாதீர்கள். முதலில் பழைய டிரைவரை ஏற்றுங்கள், 'புதுசுதான் நல்லது' என்று மனம் சொன்னாலும். ஏற்கனவே புதியதில் விழுந்துகொண்டிருக்கிறீர்கள் அல்லவா? கூடவே வரும் ஆப்களை விட்டுவிட்டு டிரைவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். ரீஸ்டார்ட், அதற்கப்புறம் நெட்.

முதல் தடவை கேம் திறந்ததும் திக்கித் திக்கி ஓடும். ஷேடர்களை (படத்தைத் தீட்டக் கார்டு பயன்படுத்தும் சிறு புரோகிராம்கள்) புதிதாகத் தயாரிக்கிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்து 'இந்த டிரைவரும் சரியில்லை' என்று மறுபடி அழித்தவனை எனக்குத் தெரியும். இரண்டு டிரைவரிலும் ஒரே மாதிரி கிராஷ் வந்தால் மூன்றாவதைத் தேடாதீர்கள், அடுத்த படிக்குப் போங்கள்.

8. ரேமும் பிராசஸரும்

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான், 'ஒண்ணுதானே' என்று விடக்கூடாது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். கேமில் 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று வரும், கார்டில் மெமரி தாராளமாக இருக்கும். குற்றம் பிராசஸருடையதாக இருக்கலாம். அந்தத் தலைமுறையில் வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறி பிராசஸரைப் பலவீனப்படுத்தியதை இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024-ல் மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் கட்டளைகள்) திருத்தங்கள் தந்து, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. அந்தத் திருத்தம் மதர்போர்டின் புது பயாஸில் வரும், அதை ஏற்றுங்கள். ஆனால் ஏற்கனவே கெட்டுப்போன பிராசஸரை பயாஸ் குணப்படுத்தாது, மாற்றித்தான் ஆக வேண்டும். பயாஸ் ஏற்றும்போது மட்டும் யூபிஎஸ்ஸில் இருங்கள், நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே போகலாம்.

9. கார்டை வேறு மெஷினில் போட்டுப் பாருங்கள்

இவ்வளவுக்கும் பிறகு வந்தால் கார்டைக் கழற்றி, நல்ல எஸ்எம்பிஎஸ் உள்ள நண்பன் மெஷினில் ஒரு வாரம் ஓட்டச் சொல்லுங்கள், முடிந்தால் அவன் கார்டை உங்கள் மெஷினில் போடுங்கள். கிராஷ் கார்டோடு போனால் கார்டு. உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டால் மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், அல்லது 5-ஆவது படியில் ஏதோ தவறவிட்டிருக்கிறீர்கள்.

கார்டுதான் என்றால் அடுப்பில் சுடுவது, ஹீட் கன்னால் சூடு காட்டுவது என்ற வித்தைகளில் இறங்காதீர்கள். ஒரு மாதம் ஓடிவிட்டு நிரந்தரமாகப் படுத்துவிடும், வாரன்டியும் போயிருக்கும். பில், பெட்டி, சீரியல் நம்பர் ஸ்டிக்கர் மூன்றும் பத்திரம். கிராஷ் ஆவதை மொபைலில் வீடியோ எடுங்கள், ஏனென்றால் கடையில் போட்டதும் அது சமர்த்தாக ஓடும்.

அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். முட்டத்துப் பையன் ஒருவன் வெறுங்கையோடு போனபோது 'ஃபார்மட் பண்ணிப் பாரு டே' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை பதினாறு கிராஷின் தேதியும் நேரமும், இரண்டு டிரைவர், இரண்டு மெஷின் என்று எழுதிய பக்கத்தை மேஜையில் விரித்து வைத்தான். கடைக்காரர் ஒரு நிமிடம் படித்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் ஆர்எம்ஏ (வாரன்டியில் கார்டைத் திருப்பி அனுப்பும்) படிவத்தை எடுத்தார்.